மூச்சும் உறவும்: இல்லத்தில் ஒரு யோகப் பாடம்



"யோகா" என்றதும் நம்மில் பலர், "அதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவர்களுக்கு" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். இன்னும் சிலர், "அது சாமியார்கள் சமாச்சாரம்" என்கிறார்கள். நகரங்களில் உடலுக்கும் மனத்துக்கும் உறவுக்கும் சேர்த்து யோகப் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. அவற்றுக்குக் கட்டணம் கட்டிப் போய்வர எல்லாக் குடும்பங்களாலும் முடியாது. அந்த முகாம்களில் கற்றுத் தருவதில் வீட்டிலேயே செய்யக்கூடியது எது, செய்யக் கூடாதது எது, அதனால் உடலுக்கும் குடும்பத்துக்கும் என்ன பயன் என்பதே இந்தப் பாடம்.

நம் சாம்பியன் ரீஃப்ஸில் மூச்சு என்பது சாதாரணச் சொல் அன்று. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியது முதல் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது வரை, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அந்த வெக்கையில் பாறையைத் துளையிட்டபோது கிளம்பிய தூசு, தங்கத்தைப் போல மேலே வந்து கப்பலேறிப் போகவில்லை. அது நம் பாட்டன்மார் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் பதிவான இடங்களுள் கோலார் தங்கவயலும் ஒன்று.

இன்று சுரங்கம் இல்லை. விடியற்காலையில் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், இருட்டியபின் திரும்பி வரும் பிழைப்பு நம் பிள்ளைகளுடையது. அப்பாவுக்கு மூச்சு இரைக்கிறது. மகனுக்கு முதுகு வலிக்கிறது. வீட்டைச் சுமக்கும் மருமகளுக்குத் தலைவலி. மூவரும் ஒரே லயன் வீட்டில், ஒருவர் பெருமூச்சு அடுத்தவர் காதில் விழும் தூரத்தில் வாழ்கிறார்கள். ஆகவே நாம் யோகத்தை மூச்சிலிருந்தே தொடங்குவோம்.

1. நம் மாவட்டத்துப் பிள்ளை

உலகம் முழுவதும் யோகாசனத்தைக் கொண்டுபோனவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பி.கே.எஸ். ஐயங்கார். பெயரில் உள்ள "பி" என்ற எழுத்து பெல்லூரைக் குறிக்கும். அந்தப் பெல்லூர் நம் கோலார் மாவட்டத்துச் சிற்றூர். அங்கே 1918 டிசம்பர் 14 அன்று, இன்ஃபுளுயன்சா காய்ச்சல் உலகை வாட்டிய காலத்தில், ஒரு பள்ளி ஆசிரியருக்கு மகனாக அவர் பிறந்தார். வீட்டில் பிள்ளைகள் பதின்மூவர், இவர் பதினோராமவர். தமிழும் கன்னடமும் கலந்த பேச்சுடைய குடும்பம். நம் வீடுகளுக்கு அந்தக் கலவை புதிதல்லவே!

சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் எல்லாம் அவரை வாட்டின. நோஞ்சான் பிள்ளையாக இருந்தவர் 1934இல் மைசூருக்குப் போய், அக்காள் கணவரான டி. கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் கற்கத் தொடங்கினார். 1937இல் புனேவுக்கு ஆசிரியராகச் சென்றார். 1966இல் அவர் ஆங்கிலத்தில் எழுதி வெளிவந்த யோக நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 2014 ஆகஸ்ட் 20 அன்று, 95ஆம் வயதில் காலமானார்.

இந்த வரலாற்றில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, அவர் யோகத்துக்கு வந்தபோது பலசாலி அல்லர், நோயாளி. "உடம்பு வளையாது, எனக்கு எதற்கு யோகா?" என்று கேட்பவருக்கு இதுவே பதில். இரண்டாவது, உடம்பு ஒத்துழைக்காதவர்களுக்காக அவர் சுவர், நாற்காலி, கயிறு, கட்டை, மடித்த போர்வை ஆகியவற்றைத் துணையாகப் பயன்படுத்தினார். சுவரும் நாற்காலியும் போர்வையும் லயன் வீட்டிலும் உண்டு.

2. மூச்சு எப்படி வேலை செய்கிறது?

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். கோபமோ பயமோ வந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், தோளும் தாடையும் இறுகும், மூச்சு மேல் நெஞ்சோடு நின்று வேகமாக ஓடும். எதிரே புலி நின்றால் இந்த ஏற்பாடு நம்மைக் காப்பாற்றும். எதிரே மனைவியோ மகனோ நிற்கும்போதும் உடம்பு அதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

இதயத் துடிப்பை நேரடியாக நம்மால் குறைக்க முடியாது. செரிமானத்துக்கும் கட்டளையிட முடியாது. மூச்சு மட்டும் தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று விரைவாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். மூளையிலிருந்து இறங்கி இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் என்னும் நரம்பு இதில் பங்கு பெறுகிறது. ஆகவே, இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் உடம்பு அமைதி நிலைக்குத் திரும்புகிறது. உடம்பு அடங்கினால் நாக்கும் அடங்கும். குடும்பத்துக்கு யோகம் செய்யும் முதல் உதவி இதுவே.

மூச்சுப் பயிற்சி எந்த ஒரு மதத்துக்கும் தனிச் சொத்தன்று. திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்பு யோகத்தைத் தமிழில் விரித்துக் கூறுகிறது. மூச்சைக் கவனித்திருக்கும் பயிற்சி பௌத்தத்திலும் அடிப்படையானது. நம் சாம்பியன் ரீஃப்ஸில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ்ப் பௌத்தர்கள் சங்கம் அமைத்து இயங்கியவர்கள் என்பதை இங்கே நினைவுகூரலாம். மாதா கோயிலுக்குப் போகிறவரும் மசூதிக்குப் போகிறவரும் மந்திரம் ஏதும் சொல்லாமலே இந்தப் பாடத்தைச் செய்யலாம்.

3. இருபது நிமிடப் பயிற்சி

வயிறு காலியாக இருக்க வேண்டும், சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காற்று வரும்படி சன்னலையோ கதவையோ திறந்துவையுங்கள். ஒரு ஜமக்காளம், ஒரு நாற்காலி, ஒரு சுவர் போதும். வலித்தால் நிறுத்துங்கள். மூச்சை எங்கும் அடக்க வேண்டாம்.

அ) அமர்தல் (2 நிமிடம்): சம்மணமிட்டோ நாற்காலியிலோ நிமிர்ந்து அமர்ந்து கண்களை மூடுங்கள். மூச்சை மாற்றாமல், வருவதையும் போவதையும் கவனியுங்கள்.

ஆ) தாடாசனம் (2 நிமிடம்): குதிகால், பின்புறம், தோள்கள் ஆகியவை சுவரைத் தொடும்படி நில்லுங்கள். மூச்சை இழுத்தபடி கைகளை மேலே உயர்த்தி, விட்டபடி இறக்குங்கள். ஆறு முறை. ரயிலில் கூன் போட்டு உட்கார்ந்த முதுகு நிமிரும்.

இ) பூனை ஆசனம் (2 நிமிடம்): முழங்கால்களையும் உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது முதுகைத் தாழ்த்தி முகத்தை உயர்த்துங்கள். விடும்போது முதுகை வளைத்து உயர்த்தித் தலையைத் தாழ்த்துங்கள். எட்டு முறை. முழங்கால் வலியுள்ளவர்கள் மேசையில் கைகளை ஊன்றி நின்றபடியே செய்யலாம்.

ஈ) நாற்காலியில் கால் (5 நிமிடம்): தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்கள் நாற்காலியின் மேல் கிடக்கும்படி வையுங்கள். இடுப்பு முழுவதும் தரையில் படியட்டும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கும் துணிக்கடை, கார்மென்ட்ஸ் பெண்களுக்கும் மிகவும் இதமானது.

உ) நாடிசுத்தி (4 நிமிடம்): வலது மூக்கைக் கட்டைவிரலால் மூடி, இடது மூக்கில் மெல்ல இழுங்கள். இடதை மோதிர விரலால் மூடி, வலதில் விடுங்கள். பிறகு வலதில் இழுத்து இடதில் விடுங்கள். இது ஒரு சுற்று. இழுக்க நான்கு எண்ணினால், விட ஆறு எண்ணுங்கள். மூக்கடைப்பு இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

ஊ) சவாசனம் (5 நிமிடம்): மல்லாந்து படுத்து, கால் விரல்களிலிருந்து நெற்றி வரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்துங்கள். தூங்கிவிட்டால் குற்றமில்லை, உடம்புக்கு அது தேவைப்பட்டிருக்கிறது.

நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பாகவே முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகத்தையும் சேர்த்து, 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வழிகாட்டியிருக்கிறது. ஆனால் ஒரு வாரத்தில் அற்புதம் நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஐந்து நாளாக இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ந்து செய்தால்தான் பலன் தெரியும்.

4. நெஞ்சில் தூசு சுமக்கும் பெரியவர்களுக்கு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டிலுள்ள முதியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சிலிகோசிஸ் நோயில், மிக நுண்ணிய கல்தூசு நுரையீரலின் காற்றறைகளில் தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகிறது. அந்தத் தழும்பை எந்த ஆசனமும் எந்தப் பிராணாயாமமும் அழிக்காது. அழிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "சுரங்கத்தில் வேலை செய்தேன்" என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் விட்ட வேலைதானே என்று எண்ண வேண்டாம். வேலையை விட்ட பிறகும் நோய் வளரும்.

மூச்சிரைப்பு வரும்போது இதைச் செய்யலாம். நாற்காலியில் அமர்ந்து சற்று முன்னே சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுங்கள். உதட்டைக் குவித்து, சுடுகிற டீயை ஊதுவதுபோல, நான்கு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். மார்பு நோய்ச் சிகிச்சையில் கற்றுத்தரப்படும் முறை இது. நோயைத் தீர்க்காது, பதற்றத்தைக் குறைக்கும். இதைச் செய்தும் இரைப்பு அடங்காவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் இவர்களுக்கு வேண்டாம். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், கர்ப்பிணிப் பெண்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும். இவர்கள் எந்தப் பயிற்சியையும் டாக்டரைக் கேட்டே தொடங்குவது நல்லது.

5. உறவுக்கான பயிற்சிகள்

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இரவு ஒன்பது மணி. பெங்களூரிலிருந்து வந்த கணவர் செருப்பைக் கழற்றும்போதே, "சாப்பாடு போடு" என்கிறார். "காலையிலிருந்து தண்ணி வரல, கொழந்தைக்கு ஃபீஸ் கட்ட நாளைக்குத்தான் கடைசி நாள். உங்களுக்கு வந்ததும் சோறு" என்கிறார் மனைவி. "நான் என்ன அங்க தூங்கிட்டா வரேன்?" என்று அடுத்த வார்த்தை. உள்ளறையில் மாமனார் இருமுகிறார். பாடப் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறது.

இதில் யார் தப்பு? இருவரும் சொன்னது உண்மை. இருவருமே களைத்த உடம்போடு, மேல் மூச்சோடு பேசினார்கள். அவ்வளவுதான். இந்த வீட்டுக்கு நான்கு பயிற்சிகள்.

முதலாவது, ஐந்து மூச்சு. வீட்டுக்குள் வந்தவர் உட்கார்ந்து, நீளமாக ஐந்து மூச்சு விட்டபின்பே பேசத் தொடங்குவது. வீட்டிலிருப்பவரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்து அதே ஐந்து மூச்சை விடுவது. ஒரு நிமிடத்துக்குள் முடியும். ஒருவர் மட்டும் செய்தால் போதாது. வெளியே உழைத்தவருக்கு மட்டும்தான் களைப்பு என்பதில்லையே.

இரண்டாவது, முதுகோடு முதுகு. இருவர் முதுகைச் சேர்த்து அமர்ந்து, கண்களை மூடி, அடுத்தவர் மூச்சு ஏறி இறங்குவதை முதுகால் உணர்வது. மூன்று நிமிடம் போதும், பேச வேண்டாம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கணவன் மனைவிக்குக் கூச்சமாக இருந்தால் அம்மாவும் மகளும், தாத்தாவும் பேரனும் செய்யட்டும். தாத்தாவின் மூச்சு எப்படிக் கஷ்டப்படுகிறது என்று பேரனுக்கு முதுகு சொல்லிக் கொடுக்கும்.

மூன்றாவது, கேட்கும் பயிற்சி. வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் மூன்று நிமிடம் பேச, அடுத்தவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். முடிந்ததும் பதில் சொல்லாமல், "நீ சொன்னது எனக்கு இப்படிப் புரிந்தது" என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு முறை மாற வேண்டும். பணக் கணக்கையும் பழைய சண்டையையும் முதல் மாதம் எடுக்காதீர்கள். "இந்த வாரம் எனக்கு எது கடினமாக இருந்தது?" என்பதோடு தொடங்குங்கள்.

நான்காவது, வாழ்த்து. இதைத் தமிழ்நாட்டில் பெரிய அளவில் பரப்பியவர் வேதாத்திரி மகரிஷி. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியில் உழைத்து, இல்லறத்தில் இருந்துகொண்டே யோகம் கற்பித்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2006இல் மறைந்தார். எளிய உடற்பயிற்சி, தியானம் ஆகியவற்றோடு சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்பவற்றையும் பாடங்களாகவே வைத்தது அவருடைய மனவளக்கலை. தம் மனைவி லோகாம்பாளின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30ஆம் நாளை "மனைவி நல வேட்பு நாள்" என்று அவருடைய மன்றங்கள் இன்றும் கொண்டாடுகின்றன. நம் பெல்லூர் ஐயங்காரும் புனேயில் 1975இல் திறந்த தம் யோக நிலையத்துக்கு, காலமான மனைவி ரமாமணியின் பெயரையே வைத்தார். யோகம் குடும்பத்தை விட்டு ஓடுவதற்கான வழி என்று எண்ணுகிறவர்கள் இந்த இரண்டையும் கவனிக்கலாம். பயிற்சி எளிது. இரவு படுக்கும் முன் வீட்டிலுள்ளவர்களை ஒவ்வொருவராக நினைத்து, அவர் நலமாக இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் வாழ்த்துவது. அன்று யாரோடு சண்டையோ அவரை விட்டுவிடக் கூடாது.

6. மூச்சால் தீராதவை

உண்மையைச் சொல்லாமல் பாடத்தை முடிக்கக் கூடாது. களைப்பால் வரும் சண்டைக்கு மூச்சுப் பயிற்சி உதவும். அடிக்கும் கைக்கு அது மருந்தாகாது. அடி வாங்கும் பெண்ணிடம் "நீ கொஞ்சம் தியானம் செய், பொறுத்துப் போ" என்று சொல்வது யோகம் ஆகாது, அது அநியாயம். அந்தப் பெண்ணுக்கு 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளும் சங்கமும் துணை நிற்க வேண்டும். குடிப்பழக்கமும் ஒரு நோய், அதற்கு மருத்துவம் உண்டு. பல வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாமா என்று தோன்றுகிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். பெங்களூரில் நிமான்ஸ் மருத்துவமனையும் இருக்கிறது.

அதுபோலவே, தங்கவயலுக்கு வேலை வேண்டும், தண்ணீர் வேண்டும், சுரங்கத் தொழிலாளிக்கு நெஞ்சுப் பரிசோதனை வேண்டும் என்று கேட்பதை யோகம் நிறுத்தச் சொல்லவில்லை. நிதானமாக மூச்சு விடத் தெரிந்தவர் அவற்றை இன்னும் தெளிவாகக் கேட்பார்.

சிந்திக்க, செய்து பார்க்க

1. இன்று ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறீர்கள் என்று எண்ணிக் குறித்து வையுங்கள். நாடிசுத்தி செய்தபின் மறுபடி எண்ணுங்கள்.

2. கடந்த வாரம் வீட்டில் நடந்த ஒரு சண்டையை நினைத்துப் பாருங்கள். முதல் வார்த்தைக்கு முன் உங்கள் உடம்பு எப்படி இருந்தது? பசியா, தூக்கமா, வலியா?

3. வீட்டில் சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர் இருந்தால், அவர் கடைசியாக மார்பு எக்ஸ்ரே எடுத்தது எப்போது? தெரியாவிட்டால் இன்றே கேளுங்கள்.

4. ஐந்து மூச்சுப் பயிற்சியைப் பதினைந்து நாள் செய்து, வீட்டிலுள்ள பிள்ளையிடம் "ஏதாவது மாற்றம் தெரிகிறதா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை.

பாட்டன்மார் பூமிக்குள் இறங்கி மூச்சைக் கொடுத்து நமக்குச் சோறு போட்டார்கள். நமக்கு மேலே காற்று இருக்கிறது. அதை நிதானமாக இழுத்து, நிதானமாக விட்டு, வீட்டிலிருப்பவரோடு நாலு நல்ல வார்த்தை பேச நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்குவோம்.